இலையை உதிர்க்கிறதுக்கு முன்னாடி மரம் என்ன பண்ணுது? சீசன் மாறும்போது மனபாரத்தை இறக்குறது பத்தி ஒரு எளிய விளக்கம்

"விட்டுத்தள்ளு." இதை நாம எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்போம், எத்தனை பேர் நம்மகிட்ட சொல்லியிருப்பாங்க. சொல்றவங்க நல்லதுக்குத்தான் சொல்றாங்க, ஆனா எப்படி விடுறது, எதைத் தள்றது, தள்ளினா அது எங்க போய் விழும், இதை மட்டும் யாரும் சொல்றதே இல்ல. கேட்டா "மனசு வச்சா முடியும்"னு ஒரு பதில் வரும். மனசுதாங்க பிரச்சனையே, அதை எங்க கொண்டுபோய் வைக்கிறது.

அதுலயும் ஒரு சீசன் முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கிற நேரம் வந்துட்டா போதும், பழசை உதிர்த்துட்டு புதுசா துளிருங்கன்னு மரம் படம் போட்ட மெசேஜ் வரிசையா வரும். நான் ரொம்ப நாளா இதையெல்லாம் பார்த்து சிரிச்சிட்டு தள்ளிவிட்டுட்டுப் போற ஆளு. அப்புறம் ஒருநாள் மரம் உண்மையிலேயே எப்படித்தான் இலையை உதிர்க்குதுன்னு படிக்க உக்காந்தேன், அப்பதான் தெரிஞ்சது இந்த மெசேஜ் அனுப்புறவங்க பாதிக் கதையைத்தான் சொல்றாங்க, மீதிப் பாதியிலதான் விஷயமே இருக்குன்னு. அதைக் கொஞ்சம் விளக்கமா எழுதிப் பார்க்கலாம்னு தோணுச்சு.

முதல்ல மனபாரம்னா என்னன்னு ஒரு தெளிவு வேணும். என் கணக்குல, வெளியில நடந்து முடிஞ்ச விஷயம் உள்ள இன்னும் முடியாம இருந்தா அதுதான் பாரம். கோபமா இருக்கலாம், குற்ற உணர்ச்சியா இருக்கலாம், அவமானமா இருக்கலாம், கேக்காம விட்ட ஒரு மன்னிப்பா இருக்கலாம். அடுத்த வாரம் இருக்கிற எக்ஸாம் பத்தின டென்ஷன் பாரம் இல்ல, கட்ட வேண்டிய கடன் பத்தின கவலையும் இந்தக் கணக்குல வராது, அதெல்லாம் வேலை, செஞ்சாத்தான் தீரும். இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டு, செய்ய வேண்டிய வேலையை "நான் லெட் கோ பண்ணிட்டேன்"னு விட்டுட்டு உக்காந்திருக்கிறவங்களும் இருக்காங்க. அது வேற கதை.

இந்த "உள்ள முடியல" விஷயத்துக்கு ஒரு பழைய ஆராய்ச்சி இருக்கு. ப்ளூமா ஜைகார்னிக்னு ஒரு சைக்காலஜிஸ்ட், பெர்லின்ல படிச்சவங்க, 1927-ல ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. ஆளுங்களுக்கு சின்னச் சின்ன வேலையா நிறைய கொடுத்து, பாதி வேலையை முடிக்க விட்டு, பாதியை நடுவுலயே நிறுத்திட்டாங்க. அப்புறமா என்னென்ன வேலை செஞ்சீங்கன்னு கேட்டா, முடிச்ச வேலையை விட நடுவுல நின்ன வேலைதான் நல்லா ஞாபகம் இருந்துச்சாம். பின்னாடி மத்தவங்க செஞ்சு பார்த்தப்போ எல்லா இடத்துலயும் இதே ரிசல்ட் வரல, அதையும் சொல்லிடணும். ஆனா பாதியில நின்னு போன சண்டை, பாதியில நின்னு போன பேச்சு, இதெல்லாம் ராத்திரி படுத்ததும் வந்து நிக்குதே, அதை அனுபவிச்சவங்களுக்கு இந்த ஐடியா ஈஸியா புரியும்.

வந்து நின்னா மட்டும் பரவாயில்ல, நாம அதைப் பிடிச்சு அசை போட ஆரம்பிச்சிடுறோம். மாடு அசை போடுறதாவது செரிக்கிறதுக்காக, நாம அசை போடுறது செரிக்கவும் செய்யாது, துப்பவும் முடியாது. "அன்னிக்கு அவன் அப்படிச் சொன்னப்போ நான் இப்படிச் சொல்லியிருக்கணும்"னு குளிக்கும்போது வசனம் பேசுறது எல்லாம் இந்த ரகம்தான். நான் மூணு வருஷம் ஒரே ஆளுகூட பாத்ரூம்ல வாதாடியிருக்கேன், எல்லா வாதத்துலயும் நான்தான் ஜெயிச்சேன், ஒரு பிரயோஜனமும் இல்ல.

சரி, இதுல சீசன் எங்க வருது? சும்மா அழகுக்காகச் சொல்றதா? கொஞ்சம் அழகுக்குத்தான், ஆனா முழுசா அப்படி இல்ல.

ஒண்ணு, ஞாபகம் தனியா உக்காந்திருக்கிறது இல்ல, அது நடந்த சூழலோட ஒட்டிக்கிட்டு இருக்கும். 1975-ல காடன், பேட்லின்னு ரெண்டு பேர் கடல்ல டைவ் அடிக்கிறவங்களை வச்சு ஒரு சோதனை பண்ணாங்க, தண்ணிக்கு அடியில கேட்ட வார்த்தைங்க தண்ணிக்கு அடியிலயே நல்லா ஞாபகம் வந்துச்சு, கரையில கேட்டது கரையில. இதே மாதிரிதான் ஒரு வருஷம் மழை ஆரம்பிக்கிற நேரத்துல ஒருத்தரைப் பிரிஞ்சிருந்தா, அடுத்த வருஷம் அதே மண்வாசனை, அதே ஈரக்காத்து வந்ததும் காரணமே தெரியாம மனசு கனக்கும். தேதி ஞாபகம் இருக்காது, ஆனா உடம்புக்குத் தெரியும். அதனால சீசன் மாறும்போது பழசு மேல வர்றது உங்க பலவீனம் இல்ல, அது வர்ற நேரம் அது. ஒளிஞ்சிருந்தது தானா வெளிய வந்து நிக்கும்போது பிடிக்கிறது சுலபம்தானே.

இன்னொண்ணு, நம்ம மனசு நாட்களை ஒரே நீளமான கயிறா பார்க்கிறது இல்ல, முடிச்சு முடிச்சா பார்க்குது. ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் மூணு பேரும் 2014-ல இதைப் பத்தி எழுதினாங்க. வாரத்தோட ஆரம்பம், மாசத்தோட ஆரம்பம், வருஷத்தோட ஆரம்பம், இந்த மாதிரி நேரத்துல ஆளுங்க ஜிம்முக்குப் போறதும் டயட் பத்தி நெட்ல தேடுறதும் கூடுதாம். ஒரு முடிச்சைத் தாண்டினதும் "தப்பு பண்ணது பழைய நான், இப்ப இருக்கிறது புது நான்"னு ஒரு நெனப்பு வருது, அந்த நெனப்பு கொஞ்சம் தைரியம் தருது. சீசன் மாறுறதும் ஒரு முடிச்சுதான். காலண்டரைப் பார்த்தாத்தான் புது வருஷம் தெரியும், சீசன் மாறினது ஜன்னலைத் திறந்தாலே தெரியும். நாலு சீசன் இருக்கிற இடமா, ரெண்டே ரெண்டு இருக்கிற இடமான்னு எல்லாம் கணக்கில்ல.

ஆனா தைரியம் வந்த உடனே ஆளுங்க பண்ற முதல் காரியமே தப்பா இருக்கும், "இனிமே அதைப் பத்தி நெனைக்கவே மாட்டேன்"னு சபதம் எடுக்கிறது. 1987-ல டேனியல் வெக்னர் தன்னோட குழுவோட சேர்ந்து இதைச் சோதிச்சுப் பார்த்தாரு. அஞ்சு நிமிஷம் வெள்ளைக் கரடியைப் பத்தி நெனைக்காதீங்க, நெனைச்சா மணி அடிங்கன்னு சொன்னாரு. மணி அடிச்சிக்கிட்டே இருந்தாங்க. அதை விட முக்கியமா, அப்புறம் "இப்ப தாராளமா நெனைச்சுக்கோங்க"ன்னு சொன்னப்போ, முதல்ல இருந்தே நெனைக்க அனுமதிச்சவங்களை விட அடக்கி வச்சவங்களுக்குத்தான் கரடி அதிகமா வந்துச்சு. அமுக்குனது எல்லாம் வட்டியோட திரும்பி வருதுன்னு வச்சுக்கலாம்.

இதுக்கு நேர் எதிரா இன்னொரு கும்பல் இருக்கு, உள்ள இருக்கிற கோபத்தை எல்லாம் கொட்டித் தீர்த்துடணும், தலகாணியைக் குத்தணும், கத்தணும்னு. 2002-ல ப்ராட் புஷ்மன் பண்ண ஆய்வுல, கோபமூட்டின ஆளையே நெனைச்சுக்கிட்டு பஞ்சிங் பேகைக் குத்தினவங்களுக்கு கோபம் குறையல, கூடித்தான் இருந்துச்சு. சும்மா ரெண்டு நிமிஷம் உக்காந்திருந்தவங்க அவங்களை விட அமைதியா இருந்தாங்க. அமுக்கவும் கூடாது, குத்தவும் கூடாதுன்னா அப்ப என்னதான் பண்றது? இங்கதான் மரத்துக்கிட்ட வரணும்.

இலை உதிர்றதை நாம காத்து வந்து பிச்சிட்டுப் போற மாதிரி நெனைச்சுக்கிறோம். அப்படி இல்ல, அது மரமே முடிவு பண்ணி, வாரக்கணக்குல ஏற்பாடு பண்ணி செய்யற வேலை. பகல் நேரம் குறையுது, குளிர் வருது, இல்லன்னா வறட்சி வந்து தண்ணி பத்தாம போகுது, உடனே மரம் இலையைத் தூக்கிப் போட்டுடாது. முதல்ல பச்சையம், புரதம் எல்லாத்தையும் உடைச்சு, இலையில சிக்கியிருக்கிற நைட்ரஜன், பாஸ்பரஸ் மாதிரி சத்தையெல்லாம் காம்பு வழியா கிளைக்குத் திருப்பி இழுத்துக்குது. சராசரியா பார்த்தா கிட்டத்தட்ட பாதிச் சத்தை இப்படி மீட்டுக்குமாம், இதான் அடுத்த துளிருக்கு முதலீடு. இலை மஞ்சளாகுறது இந்த நேரத்துலதான், அந்த மஞ்சள் புதுசா வந்ததுகூட இல்ல, பச்சைக்கு அடியில முதல்லயிருந்தே இருந்தது, பச்சை போனதும் வெளிய தெரியுது.

அப்புறம் காம்பு கிளையோட சேர்ற இடத்துல ரெண்டு வேலை நடக்குது. இலை அனுப்பிக்கிட்டிருந்த ஆக்சின்ங்கிற ஹார்மோன் குறைஞ்சு, எத்திலீன்ங்கிற இன்னொரு ஹார்மோனோட கை ஓங்கி, அந்த இடத்துல இருக்கிற செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கிற பிடியைத் தளர்த்துது. கிளைப் பக்கம் தக்கை மாதிரி ஒரு அடுக்கு வளர்ந்து காயத்தை மூடுது, கிருமி உள்ள போகாம, தண்ணி கசியாம. இவ்வளவும் ஆனதுக்கப்புறம் இலை ஒரு நூல்ல தொங்குற மாதிரி நிக்கும், லேசா ஒரு காத்து வந்தா போதும். காத்துக்குப் பேரு, வேலை பூரா மரத்தோடது.

என்னை நிறுத்தி வச்சது இதுக்கு அடுத்து படிச்ச விஷயம். புயல்ல முறிஞ்சு தொங்குற கிளையைப் பார்த்திருக்கீங்களா? அதுல இருக்கிற இலையெல்லாம் காஞ்சு சருகாகி பழுப்பா ஆனாலும் லேசுல உதிராது, மாசக்கணக்குல அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கும். ஏன்னா உதிர்க்கிறதுக்கு உயிர் வேணும். கிளை முறிஞ்சு செத்துட்டா பிடியைத் தளர்த்துற அந்த வேலை நடக்கவே வழியில்ல.

இதைப் படிச்சதுக்கப்புறம் புதுசா அடிபட்ட ஒருத்தர்கிட்ட போய் "விட்டுத்தள்ளு"ன்னு சொல்றதை நான் நிறுத்திட்டேன். நேத்து உடைஞ்சவங்களால இன்னிக்கு எதையும் உதிர்க்க முடியாது. அவங்களுக்கு முதல்ல தூக்கம், சாப்பாடு, பக்கத்துல ஒரு ஆளு. உதிர்க்கிறது எல்லாம் உயிர் திரும்பி ஓட ஆரம்பிச்சதுக்கப்புறம் பேச வேண்டிய பேச்சு.

இப்ப இதை மனசுக்கு எப்படிப் பொருத்துறது. மரம் முதல்ல செய்யறது என்ன, சத்தை மீட்டுக்கிறது. அதாவது அந்தப் பழைய விஷயத்துல உங்களுக்குச் சொந்தமானது ஏதோ மாட்டிக்கிட்டு இருக்கும், அதை எடுக்காம தூக்கிப் போட்டா மனசு திரும்பத் திரும்ப குப்பையைக் கிளறிக்கிட்டேதான் இருக்கும். அதை எடுக்கிறதுக்கு எனக்குத் தெரிஞ்சு எழுதுறதுதான் நல்ல வழி. ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-ல காலேஜ் மாணவர்களை வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, தொடர்ந்து நாலு நாள், தினம் 15 நிமிஷம், வாழ்க்கையில ரொம்ப பாதிச்ச விஷயத்தை எழுதணும், என்ன நடந்துச்சுங்கிறதையும் எழுதணும், அதைப் பத்தி என்ன தோணுதுங்கிறதையும் எழுதணும். எழுதி முடிச்ச உடனே அவங்களுக்கு மூடு இன்னும் மோசமாத்தான் ஆச்சு. ஆனா அடுத்த மாசங்கள்ல, சும்மா சாதாரண விஷயத்தைப் பத்தி எழுதினவங்களை விட இவங்க காலேஜ் ஹெல்த் சென்டருக்குப் போனது குறைஞ்சிருந்துச்சு. அதனால முதல் ரெண்டு நாள் எழுதிட்டு "இன்னும் கஷ்டமால்ல இருக்கு, இது வேலைக்காகாது"ன்னு பேனாவைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அது அப்படித்தான் இருக்கும். பென்னிபேக்கர் பின்னாடி அந்த மாதிரி எழுத்துகளை எல்லாம் எடுத்து வார்த்தை வார்த்தையா எண்ணிப் பார்த்தப்போ இன்னொரு விஷயமும் தெரிஞ்சது, நாள் போகப் போக "ஏன்னா", "அதனாலதான்", "இப்ப புரியுது" மாதிரி வார்த்தைங்க யாரோட எழுத்துல கூடுதோ அவங்களுக்குத்தான் நல்ல பலன். ஒரே புலம்பலை நாலு நாளும் காப்பி அடிச்சா அது பேப்பர்ல அசை போடுறது, அவ்ளோதான்.

என் கதையைச் சொல்றேன். ரொம்ப நெருக்கமா இருந்த ஒரு ஃப்ரெண்டு, சேர்ந்து ஒரு வேலை ஆரம்பிச்சோம், கணக்கு வழக்குல தகராறு வந்து பேச்சே நின்னு போச்சு. மேல சொன்ன பாத்ரூம் வாதம் எல்லாம் இவன்கூடத்தான். எழுத உக்காந்தப்போ முதல் நாள் பூரா அவன் பண்ணது, ரெண்டாவது நாள் பூரா அவன் பண்ணது, மூணாவது நாள்தான் "ஆரம்பத்துலயே எனக்கு அந்தக் கணக்கு பிடிக்கல, ஆனா கேட்டா தப்பா நெனைப்பானோன்னு வாயைத் திறக்கல"ன்னு ஒரு வரி வந்து விழுந்துச்சு. அதான் சத்து. அந்த ஒரு வரி என்னோடது, அதை எடுத்து வச்சுக்கிட்டேன், இன்னிக்கும் உபயோகப்படுது. அப்புறம் இன்னொண்ணும் எடுத்து வச்சுக்கிட்டேன், சண்டைக்கு முன்னாடி நல்லா இருந்த அஞ்சாறு வருஷம். அதையும் சேர்த்துக் கொளுத்தணும்னு எந்த அவசியமும் இல்லையே. கடைசியில மிஞ்சினது என்னன்னு பார்த்தா, அவன் வந்து தான் பண்ணது தப்புன்னு ஒத்துக்கணும்கிற ஆசை மட்டும்தான். அது வெறும் சருகு. அவன் கையில இருக்கிற சாவிக்காக நான் வாசல்ல நின்னுக்கிட்டிருந்திருக்கேன்.

அடுத்தது காயத்தை மூடுறது. இதை யாரும் பேசுறதே இல்ல, ஆனா இது இல்லாம உதிர்த்தா ரத்தம் கசியும். முடியாத விஷயத்துக்கு ஒரு முடிவு கட்டணும், அது நடந்து முடியணும்னுகூட இல்ல, என்ன பண்ணப் போறோம்னு தெளிவா ஒரு திட்டம் இருந்தாலே போதும். மாசிகாம்போவும் பௌமைஸ்டரும் 2011-ல செஞ்ச ஆய்வுகள்ல, முடிக்காத வேலை மனசுக்குள்ள வந்து தொந்தரவு பண்ணிக்கிட்டே இருந்தவங்ககிட்ட எப்போ, எங்க, எப்படி செய்யப் போறீங்கன்னு ஒரு பிளான் போடச் சொன்னப்போ தொந்தரவு குறைஞ்சிடுச்சு, வேலையை இன்னும் தொடவே இல்ல. அதனால மன்னிப்பு கேக்கணும்னா என்னிக்கு, போன்லயா நேர்லயான்னு முடிவு பண்ணுங்க. கேக்கவே முடியாத நிலைமைன்னா, அந்த ஆளே இல்லன்னா, "இதை இனி நான் கேக்க முடியாது, அதுக்குப் பதிலா இதைச் செய்யறேன்"னு எழுதி வைங்க. கூடவே கதவையும் சாத்துங்க, ராத்திரி ஒரு மணிக்கு அவங்க ப்ரொஃபைலைப் போய் பார்க்கிறது, பழைய சாட்டை மேல மேல ஸ்க்ரோல் பண்றது, இதெல்லாம் வர்ற காயத்தழும்பை நகத்தால கிள்ளுற வேலை.

இதெல்லாம் ஆனதுக்கப்புறம்தான் உதிர்க்கிற சடங்கு. பேப்பர்ல எழுதிக் கசக்கிப் போடுறதை எல்லாம் நான் சின்னப்பிள்ளை விளையாட்டுன்னு நெனைச்சிருந்தேன். நகோயா பல்கலைக்கழகத்துல நொபுயுகி கவாயும் அவரோட மாணவரும் செஞ்ச ஒரு ஆய்வு 2024-ல வந்துச்சு. மாணவர்களை ஒரு பொது விஷயத்தைப் பத்தி எழுதச் சொல்லிட்டு, வேணும்னே மார்க் குறைச்சு, படிச்சவன் எழுதுற லட்சணமா இதுங்கிற ரேஞ்சுல ஒரு கமெண்ட்டும் போட்டுக் கொடுத்தாங்க. கோபம் வருமா வராதா? வந்துச்சு. அந்த நேரத்துல தோணுனதை ஒரு பேப்பர்ல எழுதச் சொல்லி, சில பேரை அதைக் குப்பையில போடச் சொன்னாங்க, இல்லன்னா மெஷின்ல துண்டு துண்டா வெட்டச் சொன்னாங்க, மத்தவங்களை பத்திரமா எடுத்து வைக்கச் சொன்னாங்க. போட்டவங்க கோபம் கிட்டத்தட்ட பழைய அளவுக்கே இறங்கிடுச்சு, வச்சிருந்தவங்களுக்கு கொஞ்சம்தான் இறங்குச்சு. இது அப்ப வந்த கோபம், பத்து வருஷப் புண்ணு இல்ல, அதனால ஒரு பேப்பரைக் கிழிச்சா எல்லாம் போயிடும்னு நெனைக்காதீங்க. ஆனா கைக்கு ஒரு வேலை கொடுத்தா மனசு அதைக் கவனிக்குதுங்கிறது வரைக்கும் நம்பலாம். நான் சீசன் மாறும்போது பண்றதும் இதான், பெட்டியில இருந்து துணி எடுத்து மாத்தி வைக்கிற அன்னிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஒரு விஷயத்தை மட்டும். ஒரே நாள்ல பத்து பாரத்தை இறக்கப் பார்த்தா இறக்குற வேலையே பதினொண்ணாவது பாரமாயிடும்.

மூணு எச்சரிக்கை. செத்துப் போனவங்களை நெனைச்சு அழுறதை இந்தக் கணக்குல சேர்க்காதீங்க. துக்கம்னா இறந்தவங்களோட இருந்த உறவை அறுத்துட்டு நகர்றதுன்னு ஒரு காலத்துல சைக்காலஜி படிச்சவங்களே நெனைச்சாங்க, 1990-கள்ல அந்தக் கருத்து மாற ஆரம்பிச்சுது, பிணைப்பு வேற உருவத்துல தொடர்றது சகஜம்தான்னு ஏத்துக்கிட்டாங்க. அம்மாவோட குரலை ஞாபகம் வச்சிருக்கிறதுக்கு பாரம்னு பேர் இல்ல. அதே மாதிரி ஒருத்தர் இன்னிக்கும் உங்களைக் காயப்படுத்திக்கிட்டு இருக்காருன்னா அது நடந்து முடிஞ்ச விஷயமே இல்ல, அங்க மன்னிச்சு விடுறது எல்லாம் அப்புறம், முதல்ல அந்த இடத்தை விட்டு நகர்றதுக்கு வழி பாருங்க.

இன்னொண்ணு, ஒவ்வொரு வருஷமும் ஒரே சீசன்ல, குறிப்பா பகல் குறையுற குளிர்காலத்துல, மூடு ரொம்ப கீழ போய், தூக்கம் கூடி, எதுலயும் ஆர்வமே இல்லாம வாரக்கணக்குல போகுதுன்னா, அது மனபாரமா இல்லாம சீசன் டிப்ரஷனா இருக்கலாம். நார்மன் ரோசன்தாலும் அவர் குழுவும் 1984-ல இதை விவரிச்சு எழுதினாங்க, வெளிச்சம் குறையுறதோட சம்பந்தப்பட்டது, காலையில 10,000 லக்ஸ் (லக்ஸ்னா வெளிச்சத்தை அளக்கிற அலகு) அளவு வெளிச்சத்துக்கு முன்னாடி அரைமணி நேரம் உக்கார வைக்கிற சிகிச்சைகூட இருக்கு. இதுக்கெல்லாம் பேப்பர் கிழிச்சா ஆகாது, டாக்டர்கிட்ட போகணும். வாழவே வேணாம்னு ஒரு நெனப்பு எட்டிப் பார்த்தா சீசன் மாறுற வரைக்கும் காத்திருக்காதீங்க, இன்னிக்கே நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட வாயைத் திறந்து சொல்லிட்டு, டாக்டரையோ ஹெல்ப்லைனையோ உடனே கூப்பிடுங்க.

மரங்கள்லயே ஒரு சோம்பேறி ஜாதி இருக்கு தெரியுமா, ஓக், பீச் மாதிரி சில மரங்க, அதுவும் இளசா இருக்கும்போது, இலை காஞ்சு போனதுக்கப்புறமும் குளிர்காலம் பூரா விடாம வச்சிருக்கும். அடுத்த வசந்தத்துல புது மொட்டு விரியற சமயத்துலதான் பழசு விழும். ஏன் இப்படின்னு நிறைய யோசனை சொல்றாங்க, மிருகங்க புது மொட்டைக் கடிக்காம காப்பாத்தவா இருக்கலாம்னு ஒண்ணு. எதுவா இருந்தா என்ன, யாரும் போய் அந்த மரத்தை உலுக்குறது இல்ல.

போன தடவை நான் மூணு பேப்பர் எழுதினேன், ஒண்ணுதான் எழுதணும்னு உங்களுக்குச் சொல்லிட்டு நான் மூணு. ஃப்ரெண்டு பேப்பர் போயிடுச்சு, கூட இன்னொண்ணும் போயிடுச்சு. மூணாவது இன்னும் டிராயர்லதான் கிடக்கு, எடுத்துப் படிச்சேன், கை வரல, திரும்ப வச்சுட்டேன்.